ஜூமா காதில் சொன்ன வார்த்தை

“அம்மா, உங்க இடது காது போனது என்னாலதான்” என்றார் திருமேனி.

“என்ன சொன்னீங்க?”

“உங்க காது போனது என்னாலதான்.”

“அந்தப் பக்கம் நின்னு சொன்னா எனக்கு எப்படிக் கேக்கும்? இந்தப் பக்கம் வாங்கண்ணே.”

திருமேனி சுற்றி வந்து வலப்பக்கம் உட்கார்ந்தார். அதற்குள் அவருக்கு அழுகை வந்துவிட்டது.

உலகம்மை குரு. திருமேனி சீடர். ஆனால் வயதில் அவர்தான் மூத்தவர். அவர் அவளை அம்மா என்பார். அவள் அவரை அண்ணே என்பாள்.

அந்த ஆற்றங்கரைக் குடிலில் இன்னொரு சீடனும் இருந்தான். பெயர் ஜூமா. கடலுக்கு அப்பாலிருந்து கப்பலில் மூட்டை சுமக்க வந்தவன். நோயில் விழுந்ததும் கப்பல் அவனைத் துறைமுகத்திலேயே விட்டுவிட்டுப் போய்விட்டது. உலகம்மைதான் தூக்கி வந்து பிழைக்க வைத்தாள்.

மழை ஓய்ந்த சமயத்தில் உலகம்மைக்குக் காய்ச்சல் கண்டது. பிதற்ற ஆரம்பித்துவிட்டாள். ஜூமா தன் ஊர்ப் பாட்டைப் பாடிக்கொண்டே அவள் நெற்றியில் ஈரத்துணி போட்டான். காய்ச்சல் இறங்கவில்லை.

மருந்து நகரத்து வைத்தியரிடம் இருந்தது. படகுக்காரர் மனைவியைத் துணைக்கு வைத்துவிட்டு இருவரும் ஓடினார்கள்.

கோட்டைவாசலில் காவலர் தலைவன் மறித்தான். அவன் திருமேனியை அறிந்தவன். சிரித்த முகத்தோடுதான் பேசினான்.

“உங்களைத் தடுக்கல பெரியவரே. ரெண்டு பேருமே உள்ளே போகலாம். இவன் ஆளுங்களை நாங்க இங்கே என்னன்னு கூப்பிடுவோம்? அதை எல்லாருக்கும் கேக்கிற மாதிரி ஒரு தடவை சொல்லிட்டுப் போங்க.”

சந்தைக்கு வந்தவர்கள் வேடிக்கை பார்க்கக் கூடிவிட்டார்கள்.

“எனக்கு அந்த வார்த்தை தெரியாதுப்பா.”

கூட்டம் சிரித்தது. உண்மையாகவே அவருக்குத் தெரியாது.

“தெரியாட்டி அவனையே கேளுங்க” என்றான் தலைவன்.

ஜூமா திருமேனியின் தோளைப் பிடித்துக் குனிய வைத்தான். காதோடு காதாக ஒரு வார்த்தை சொன்னான்.

“இதுதாண்ணே. சொல்லிடுங்க. அம்மாவுக்கு உடம்பு கொதிக்குது.”

“டேய், உன்னையாடா?”

“எனக்கு ஒண்ணும் ஆகாது. தமிழ்ல நான் முதமுதலாக் கத்துக்கிட்டதே இந்த வார்த்தைதான். சீக்கிரம் சொல்லுங்க.”

திருமேனி நிமிர்ந்தார். வாயைத் திறந்தார். கூட்டம் அமைதியாயிற்று.

வாய் திறந்தபடியே இருந்தது. பிறகு மூடிக்கொண்டது.

“வாடா, போகலாம்” என்றார்.

வழியெல்லாம் ஜூமா அவர் தோளோடு தோள் உரச நடந்தபடி அவரைத் திட்டிக்கொண்டே வந்தான். ஆற்றோரத்தில் நிலவேம்பு தேடிப் பறித்துக் கஷாயம் வைத்தார்கள். அது மெதுவாகத்தான் வேலை செய்தது. காய்ச்சல் விட்டு உலகம்மை எழுந்து உட்கார்ந்தபோது அவளுடைய இடது காது ஓய்ந்துபோயிருந்தது.

இத்தனையையும் திருமேனி இப்போதுதான் அவளிடம் சொன்னார்.

“யோசிச்சு எடுத்த முடிவுன்னு நினைக்காதீங்கம்மா. வாய்ல வரல, அவ்வளவுதான். ஒரு வார்த்தை. சொல்லியிருந்தா காத்தோட போயிருக்கும். உங்க காது தங்கியிருக்கும். அவனே சொல்லச் சொன்னான்மா!”

“சொல்லியிருந்தா நான் உங்களைத் திட்டியிருக்க மாட்டேன்” என்றாள் உலகம்மை.

“அப்போ நான் செஞ்சது தப்பா?”

உலகம்மை முற்றத்தைப் பார்த்துக் கூப்பிட்டாள்.

“ஜூமா, இங்கே வா.”

முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவன் கையில் ஒரு கொத்தோடு வந்தான். வலப்பக்கம் இடமில்லை.

“நகருங்கண்ணே. அம்மாவுக்கு இந்தக் காதுதான் கேக்கும்.”

திருமேனி நகர்ந்தார். மூவரும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள்.

“கோட்டைவாசல்ல அண்ணனைச் சொல்லச் சொன்னது நீதானா?”

“நான்தாம்மா.”

“மனசாரவா?”

“மனசாரத்தான். இன்னொரு தடவை அங்கே நின்னாலும் சொல்லுங்கன்னுதான் சொல்லுவேன்.”

திருமேனி தலையில் அடித்துக்கொண்டார். “கேட்டீங்களா? கேட்டீங்களா?”

“கொஞ்சம் பொறுங்கண்ணே.” உலகம்மை அவர் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஜூமாவின் பக்கம் திரும்பினாள். “இவர் சொல்லியிருந்தா என்ன ஆகியிருக்கும்?”

“மருந்து கிடைச்சிருக்கும். உங்க காது பிழைச்சிருக்கும்.”

“அப்புறம்?”

“வீட்டுக்கு வந்திருப்போம்.”

“எப்படி வந்திருப்பீங்க?”

ஜூமாவுக்கு முதலில் கேள்வி புரியவில்லை. கொத்திலிருந்து ஒரு இலையைக் கிள்ளினான். இன்னொன்றைக் கிள்ளினான். பிறகு அவன் விரல்கள் நின்றுவிட்டன.

“அண்ணன் முன்னால வந்திருப்பார்” என்றான். “நான் பின்னால வந்திருப்பேன்.”