மூன்று பூட்டு மடை

கொய்யாத்தோட்டத்துச் சாமிக்கு வயது நாற்பத்திரண்டு. அவருடைய சீடர் வேதமூர்த்திக்கு அறுபத்தெட்டு. தன்னைவிட இளையவரிடம் போய்க் கைகட்டி நிற்கிறாரே என்று பூவன்குளத்தில் பலருக்கு இளக்காரம். வேதமூர்த்தி அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை. அவர் எதைத்தான் காதில் போட்டுக்கொண்டார் என்று கேட்டால் அதற்கும் பதில் கிடையாது.

சனிக்கிழமை காலை, வெயில் ஏறுவதற்குள் தோட்டத்துக்கு வந்துவிட்டார். சாமி கொய்யாக் கன்றுகளுக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தார்.

“சாமி, ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க அண்ணாச்சி.”

“ஏழு வருஷத்துக்கு முன்னால மடையில இருந்த மூணு பூட்டுல ரெண்டை எடுத்தேன்லா. அது தப்பா?”

சாமி மண்வெட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு வரப்பில் உட்கார்ந்தார். வேதமூர்த்தியும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

பூவன்குளத்தில் தண்ணீருக்காக ஒரு காலத்தில் மண்டை உடைந்திருக்கிறது. அப்போது போட்ட ஏற்பாடு அந்த மூன்று பூட்டு. ஒரு சாவி சிவன் கோயில் தர்மகர்த்தாவிடம், ஒன்று பள்ளிவாசல் முத்தவல்லியிடம், ஒன்று மாதா கோயில் உபதேசியாரிடம். மூன்று பேரும் வந்து நின்றால்தான் குளத்து மடை திறக்கும். கடைசியாகச் சாவி வைத்திருந்தவர்கள் வேதமூர்த்தி, மைதீன் பிச்சை, அருளானந்தம். பயிர்க்காலத்தில் வாரம் இரண்டு முறை என்று முப்பது வருஷம் அந்த மடையில் நின்றவர்கள்.

வேதமூர்த்தி குளத்துச் சங்கத் தலைவரானதும் அந்தப் பூட்டுகள் அவர் கண்ணை உறுத்தின. “நமக்குள்ள என்னவே சந்தேகம்? அடுத்த ஊர்க்காரன் சிரிக்கான்” என்று கூட்டத்தில் கேட்டார். இனி ஒரே பூட்டு, சம்பளத்துக்கு ஒரு மடைக்காரர் என்று தீர்மானம் ஆயிற்று. எல்லாரும் கைதட்டினார்கள். முதலில் சாவியைக் கழற்றி மேசையில் வைத்தவர் மைதீன் பிச்சைதான். அன்றைக்கு வேதமூர்த்திக்குத் தலைகால் புரியவில்லை. நல்லது செய்கிறோம் என்று நம்பித்தான் செய்தார், பாவம்.

“அந்தக் காலத்துல ஒருத்தர் வரத் தாமதமானா என்ன செய்வீங்க?” என்றார் சாமி.

“காத்துக் கிடப்போம். ஒரு மணி நேரம்கூட ஆகும். வெட்டிப் பொழுது.”

“என்ன பேசுவீங்க?”

“என்னத்தப் பேச. மைதீன் மகளுக்கு மாப்பிள்ளை பாத்தது, உபதேசியாருக்கு மூலம் அறுத்தது, அப்படி உப்புச்சப்பில்லாத பேச்சு.” சொல்லச் சொல்ல அவர் முகம் இளகியது. “எங்க அம்மா வழுக்கி விழுந்தான்னு மடைக்குத்தான் ஆள் வந்து சொன்னான். நான் செருப்பைத் தேடுததுக்குள்ள மைதீன் வண்டி பிடிக்க ஓடிட்டாரு.”

“கடைசியா மூணு பேரும் எப்போ சேர்ந்து நின்னீங்க?”

வேதமூர்த்தி யோசித்தார்.

“சாவியைக் குடுத்த அன்னைக்கு.”

சாமி பக்கத்துப் பாத்தியில் முளைத்திருந்த கோரையைப் பிடுங்கினார்.

“போன மாசம் நடந்தது உங்களுக்குத் தெரியும்” என்று வேதமூர்த்தியே தொடர்ந்தார்.

தெரியாதவர் யார். குளத்தில் மீன் செத்து மிதந்தது. பள்ளிவாசல் தெருக்காரர்கள் மருந்தைக் கலந்துவிட்டார்கள் என்று எவனோ செல்போனில் கிளப்பிவிட்டான். வற்றிய தண்ணீர் சூடேறிச் செத்த மீன் என்று மீன்வளத்துறை ஆள் மறுநாள் வந்து சொன்னார். அதற்குள் மைதீன் பிச்சையின் பலசரக்குக் கடையை அடித்து நொறுக்கிவிட்டார்கள்.

“அப்போ நீங்க எங்க இருந்தீங்க அண்ணாச்சி?”

“வீட்டுல.”

“சத்தம் கேக்கலையா?”

“கேட்டுச்சு.” வேதமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டார். “அந்த ஒரு மத்தியானம் நானும் நம்பிட்டேன் சாமி.”

“பிறகு போய்ப் பாத்தீங்களா?”

“எந்த மூஞ்சியோட போக? இன்னைக்கு, நாளைக்குன்னு ஒரு மாசத்தை ஓட்டிட்டேன். நேத்து ஜும்மா முடிஞ்சதும் அவரு கிளம்பிட்டாரு. காயல்பட்டினத்துல மகள் வீட்டுக்கு. இனிமே இந்த ஊருக்கு வரமாட்டாராம்.”

“நேத்தும் போகலையா?”

“போனேன். எதிர்ச்சாரியில நின்னேன். வேன்ல முன்சீட்டுல உக்காந்து என்னைய நேருக்கு நேரா பாத்தாரு. ஒரு தலையாட்டல் கிடையாது, ஒரு வார்த்தை கிடையாது. கிளம்பின வண்டியை வேற நிறுத்திவச்சு, அஞ்சு நிமிஷம் அப்படியே பாத்துக்கிட்டு இருந்தாரு. ஊரே பாக்க நான் கூனிக் குறுகி நிக்கணும்னுதானே? நாலு வார்த்தை ஏசியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். அதான் உங்ககிட்ட வந்தேன்.”

“நீங்க ஏதும் பேசினீங்களா?”

“அவரு ஒரு வார்த்தை பேசட்டும், கால்ல விழுந்திடலாம்னு நின்னேன்.”

சாமி கையிலிருந்த மண்ணை உதிர்த்தார்.

“மைதீன் பாய்க்குக் கண்ணு போயி எட்டு மாசம் ஆகுது அண்ணாச்சி. சர்க்கரை.”

வேதமூர்த்திக்கு முதலில் விளங்கவில்லை.

“ஒரு கண்ணா?”

“ரெண்டும்.”

“கடையில உக்காந்து யாவாரம் பாத்தாரே.”

“தடவித் தடவித்தான் சாமான் எடுத்துக் குடுத்தார்.”

அந்தக் கடைக்கும் வேதமூர்த்தியின் வீட்டுக்கும் நடுவில் இரண்டே தெரு. மகன் டவுனிலிருந்து மாதச் சாமான்களை மொத்தமாக வாங்கி வந்துவிடுவதால் அந்தப் பக்கம் போக வேண்டிய வேலை அவருக்கு இல்லை. மடைப்பக்கம் போகவும் வேலை இல்லை.

“யாருமே எங்கிட்டச் சொல்லலையே சாமி.”

சாமி அவரையே பார்த்தார். தோட்டத்தில் அணில் ஒன்று காயைக் கடித்துக் கீழே போட்டது. வேதமூர்த்தி மறுபடியும் கேட்டார்.

“அப்போ பூட்டை எடுத்தது தப்புத்தானா?”

“நேத்து சாயங்காலம் உபதேசியார் இங்க வந்திருந்தார்” என்றார் சாமி. “பாயை வண்டி ஏத்திவிட்டவர் அவர்தான். வண்டி கிளம்பினதும் பாய் கேட்டிருக்கார், மூர்த்தி வந்திருக்காரான்னு. எதிர்ச்சாரியில நிக்காருன்னு இவர் சொல்லியிருக்கார். உடனே வண்டியை நிறுத்தச் சொல்லிட்டார். கூப்பிடட்டுமான்னு உபதேசியார் கேட்டதுக்கு, வேண்டாம், அவரே பேசுவாருன்னு சொல்லிட்டு, முகத்தை உங்க பக்கமாத் திருப்பி வச்சுக்கிட்டுக் காத்திருந்தார், அண்ணாச்சி.”