ஜெயசிங்கின் ஜெர்மன் மருந்து

நாகர்கோவிலில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த ஜெயசிங், பிலிம் கழுவும் மருந்தை இருட்டறைக் கதவைப் பூட்டிக்கொண்டுதான் கலப்பார். "ஜெர்மன் ரகசியமாக்கும்!" என்று பீற்றிக்கொள்வார். அங்கே கூட்டித் துடைக்கும் மரியபாக்கியம், அந்த வேலையைத் தனக்கும் கற்றுத்தரச் சொல்லிக் கேட்டாள்.

வாடிக்கையாளர்கள் முன்னால் அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "மருந்துல என்னென்ன இருக்குன்னு சொல்லு, இருட்டறைச் சாவி உனக்கு. தெரியலன்னா வேலையை விட்டுப் போயிரணும்."

"காப்பித்தூள், சலவை சோடா, வைட்டமின் சி மாத்திரை. சரிதானா மொதலாளி?"

ஜெயசிங்குக்கு முகம் சுண்டிப்போனது. "பூட்டின அறைக்குள்ள நீ எப்படிப் பாத்த?"

"நான் எதுக்குப் பாக்கணும்? நீங்க குடிக்கிறது டீ. காப்பிச் சக்கை, சோடாக் கவர், மாத்திரை அட்டை எல்லாம் தினமும் அள்ளுறது யாரு? ரகசியத்தைப் பூட்டிவச்சிட்டு, குப்பையை எங்கிட்டதானே குடுத்தீங்க!"

சாவிக்குக் கை நீட்டினாள்.