குளத்துக் கரையும் கொலை யானையும்

செங்குளம் சீமையை ஆண்ட திருமலைக்கொழுந்து ராஜா வாயால் மிரட்டுவதில் சூரர். கோழி அறுப்பதைப் பார்த்தால் மயங்கி விழுவார். பெரிய குளத்துக் கரையை எவன் வெட்டினாலும் கொலை யானையின் காலில் போடுவோம் என்று தண்டோரா போட்டிருந்தார். கரை உடைந்தால் கீழே இருக்கிற ஊரே தண்ணீரோடு போய்விடும், அதற்காகத்தான். மிரட்டல் நன்றாகவே வேலை செய்தது. உயர்ந்த மதிலுக்குள் பிளிறும் யானையை நினைத்து ஒருவனும் மண்வெட்டியோடு அந்தப் பக்கம் போகவில்லை.

அந்தக் கோடையில் மாடக்கண்ணு என்ற சம்சாரி போனான். வயல் கருகுவது பொறுக்காமல் கரையில் நாலு வெட்டுப் போட்டான், பிடிபட்டான்.

ராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை. விகடகவி நல்லகுற்றாலத்தைத் தனியே அழைத்தார்.

“விட்டால் நாளைக்கு ஊரே மண்வெட்டியோடு நிற்கும். கொன்றால் அந்தப் பாவம் என்னைச் சும்மா விடாது. என்ன செய்யட்டும் ஓய்?”

“மிரட்டும்போது இதை யோசித்தீர்களா மகாராஜா?”

“மிரட்டினால் ஒருவனும் செய்யமாட்டான் என்றுதானே மிரட்டினேன்.”

குற்றாலத்துக்குச் சிரிப்பு வந்தது. மாடக்கண்ணுவின் மனைவி அரண்மனை வாசலில் அழுதுகொண்டு கிடந்தது ஞாபகம் வர, அதை விழுங்கிக்கொண்டான்.

மறுநாள் சபையில் எழுந்தான். மதம் பிடித்த யானைதான் குற்றவாளியை மிதிக்க வேண்டும், தெளிந்த யானையை ஏவினால் பழி அரசரைச் சேரும் என்ற சீமை வழக்கத்தை நினைவூட்டினான். பெரியவர்கள் ஆமாம் என்றார்கள். யானைக்கு மதம் பிடிக்கும்வரை மாடக்கண்ணு அந்தக் கரையையே காவல் காக்கட்டும், பிடித்த அன்றே தண்டனை என்றான். சபை நடுங்கியது. ராஜாவின் முகம் வெளுத்தது.

கூட்டம் கலைந்ததும் ராஜா அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

“மதம் எப்போது ஓய் பிடிக்கும்?”

“பிடிக்காது மகாராஜா. உங்கள் அப்பா காலத்துக் கொம்பன் போன தை மாதமே செத்துவிட்டது. ஊருக்குப் பயம் விட்டுப்போகக் கூடாதென்று பாகனும் நானும் வேறொன்றைக் கொண்டுவந்து கட்டினோம். நீங்கள்தான் பயந்து அந்தப் பக்கமே வருவதில்லை. உள்ளே நிற்பது பெண் யானை, அதற்கு ஏது மதம்?”

ராஜா தலைப்பாகை நழுவச் சிரித்தார். சட்டென்று நிறுத்தினார். “பாவம், அவன் தினமும் பயந்து சாவானே?”

“அவன் மனைவியிடம் நேற்றே சொல்லிவிட்டேன். ஊரையே மூழ்கடிக்கப் பார்த்தவன், நாலு நாள் பயப்படட்டும், அப்புறம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்றாள்.”

கருகும் வயல்களுக்கு மடை திறக்க உத்தரவானது. குற்றாலத்துக்குப் பட்டுச் சால்வை கிடைத்தது. யானைக்குத் தினமும் ஒரு வண்டிக் கரும்பு. கொலை யானையின் வெறியைத் தணிக்கத்தான் இந்தக் கரும்பு என்று தண்டோராக்காரன் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு போனான். கேட்டவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.