10403

தெய்வசிகாமணி முப்பது வருடம் செக்போஸ்ட்டில் லாரிகளின் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தவர். ஓய்வு பெற்றபின் மலையடிவாரத்து மடம் ஒன்றில் சீடராகச் சேர்ந்தார். அங்கேயும் அவருக்கு வாசல் வேலைதான் கிடைத்தது. அவர் சரியென்று சொன்னால்தான் புதியவர் யாரும் உள்ளே வந்து தங்க முடியும்.

மடத்தின் குரு நப்பின்னை அம்மா. தெய்வசிகாமணியைவிட இருபது வயது இளையவர். கணக்குப் போடுவதையே தியானமாகச் சொல்லித் தருபவர்.

போன வருடம் தெய்வசிகாமணி ஒருவனைப் பத்து நாள் விசாரித்து உள்ளே விட்டார். அவன் மடத்தின் வெண்கல மணியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டான். அன்றிலிருந்து அவருக்கு வாசலில் படுத்திருக்கும் நாய்மீதும் சந்தேகம்.

இப்போது சடையாண்டி என்று ஒருவன் வந்திருந்தான். கல்குவாரியில் வேலை பார்த்து நெஞ்சு கெட்டுப்போனவன், போக இடமில்லாதவன். நாற்பது நாளாக வெளியே புளியமரத்தடியில் கிடந்தான். பெயர், ஊர், செய்த வேலை, போட்ட சண்டை எல்லாம் பத்தே நாளில் விசாரித்து முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு தெய்வசிகாமணி கேட்டதையே மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஒருநாள் குருவிடம் போய் நின்றார்.

"ஒரு பொய்கூட மாட்டலம்மா. அதான் பயமா இருக்கு. இன்னும் எத்தனை நாள் சந்தேகப்படணும்?"

அம்மா சிலேட்டில் 10403 என்று எழுதினார்.

"இது மீதியில்லாம எதாலயாவது வகுபடுதான்னு பாருங்க ஐயா."

இதில் ஏதோ உள்குத்து இருக்கிறது என்று அவருக்குப் பட்டது. இருந்தாலும் உட்கார்ந்து 2, 3, 5, 7 என்று பகா எண்களாக எடுத்து வகுத்தார். 97 வரை இருபத்தைந்து எண்கள். ஒவ்வொன்றிலும் மீதி வந்தது.

"வகுபடாதும்மா. சுத்தமான எண்."

"இன்னும் ஒண்ணே ஒண்ணு."

101ஆல் வகுத்தார். 103 வந்தது. மீதி இல்லை. அவருக்குக் கோபமும் வந்தது, சந்தோஷமும் வந்தது.

"பாத்தீங்களா? ஒண்ணுக்கு முன்னாடி நிறுத்தி ஏமாந்திருப்பேன். மணி போனதும் இப்படித்தான். சந்தேகத்தை விடவே கூடாது."

அம்மா சிலேட்டைத் துடைத்து 10007 என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

இந்த முறை அவர் 97இல் நிற்கவில்லை. 101இலும் நிற்கவில்லை. 103, 107, 109 என்று போய்க்கொண்டே இருந்தார். அன்றைக்கே மழை பிடித்துக்கொண்டது. சாப்பாட்டுத் தட்டு பக்கத்திலேயே ஆறிப்போனது.

மூன்றாம் நாள் அம்மா வந்தார்.

"எதுவரைக்கும் வந்திருக்கீங்க?"

"ஐந்நூறைத் தாண்டிட்டேன். இன்னும் சிக்கல. ஆனா சிக்கும்."

"ஐந்நூறுக்கு மேல உள்ளது ஒண்ணு இதை வகுத்துச்சுன்னா, ஈவு எவ்வளவு வரும்?"

"இருபதுக்குள்ள வரும்."

"இருபதுக்குள்ள எல்லாம் பாத்தாச்சா?"

"அதெல்லாம் முதல் நாளே பாத்துட்டேன்."

"நூத்தியொண்ணால வகுபட்டா?"

"ஈவு நூறுக்குள்ள..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். நூறுக்கு மேல் எதை எடுத்தாலும் அதன் ஜோடி நூறுக்குள்தான் இருந்தாக வேண்டும். நூறுக்குள் அவர் ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை.

சிலேட்டுக்குச்சி விரலிலேயே நின்றது.

"அப்ப மூணு நாளா நான் வகுத்தது?"

அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தார். புளியமரத்தடியில் சடையாண்டி சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு குந்தியிருந்தான். இருமல் சத்தம் மழையைத் தாண்டிக் கேட்டது.

தெய்வசிகாமணிக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

"கூடக் கொஞ்சம் வகுத்துப் பாத்தேன், அவ்வளவுதானேம்மா. அதனால அந்த எண்ணுக்கு என்ன நஷ்டம்?"

"ஒண்ணுமில்ல ஐயா. எண்ணுக்குக் குளிராது."