ஒன்றும் இல்லாத ஊருக்குப் போய்வருதல்

கால்நடை ஆராய்ச்சிக்கூடத்தில் பேராசிரியை மங்கையர்க்கரசியிடம் மாணவராகச் சேர்ந்தபோது ஞானதுரைக்கு ஐம்பது வயது. பேராசிரியை அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர்.

அங்கே ஒரு செம்மறி இருந்தது. அதன் கழுத்தோரம் மெல்லிய குழாய் ஒன்று பொருத்தியிருந்தார்கள். நிணநீர் முடிச்சுகளிலிருந்து இரத்தத்துக்குத் திரும்பும் நீர் அதன் வழியே புட்டியில் சொட்டும். அதிலுள்ள வெள்ளையணுக்களை ஞானதுரை எண்ணுவார். மாலையில் அந்த நீரை ஆட்டின் உடம்பிலேயே திரும்ப ஏற்றிவிடுவார்.

ஒரு நாள் கேட்டார்.

"மேடம், இந்த அணுக்கள் முடிச்சிலிருந்து கிளம்பி இரத்தத்துக்குப் போகுது. தோலு, குடலுன்னு சுத்துது. மறுபடி முடிச்சுக்கே வருது. பாதிக்கு மேல சாகிற வரைக்கும் ஒரு கிருமியைக்கூடப் பார்க்கிறதில்லை. எதுக்கு இந்த அலைச்சல்?"

"இன்னைக்கு நீரைத் திரும்ப ஏத்தாதீங்க."

"நாளைக்கு?"

"நாளைக்கும் வேண்டாம்."

ஐந்தாம் நாள் புட்டியில் முதல் நாள் இருந்ததில் கால் பங்கு அணுக்கள்தான் இருந்தன. ஆடு அகத்திக்கீரை தின்றுகொண்டிருந்தது.

"நல்லாத்தானே இருக்கு மேடம்."

"நல்லாத்தான் இருக்கு."

"அப்ப திரும்ப ஏத்த வேண்டாமா?"

"எதுக்கு? கிருமிதான் ஒண்ணும் வரலையே."

ஞானதுரை வெகுநேரம் ஆட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, யாரும் சொல்லாமலே, அன்று சேர்ந்த நீரை எடுத்து ஆட்டுக்கு ஏற்றினார். பேராசிரியை தடுக்கவில்லை.

ஏற்றி முடித்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

"நான் கால்நடை மருந்தகத்தில வேலை பார்த்தப்போ ஆடுகளைப் பார்க்க வாராவாரம் வெள்ளியம்பாறை கிராமத்துக்குப் போவேன். நாலு வருஷம். ஒரு ஆட்டுக்கும் ஒண்ணும் இருக்காது. வெட்டி அலைச்சல்னு நிறுத்திட்டேன். அஞ்சு மாசம் கழிச்சு அடைப்பான் நோய் வந்துச்சு. வந்து பத்து நாள் கழிச்சுத்தான் எனக்கே தெரியும். நூறு ஆட்டுக்கு மேல போச்சு. அது மனுஷனுக்கும் தொத்தும்னு தெரியாம, செத்த ஆட்டுத் தோலை உரிச்ச மனுஷர் ஒருத்தரும் போயிட்டார்."

பேராசிரியை அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன் மேடம். நாலு வருஷமும் 'நோய் இல்லை'ன்னு எழுதியிருக்கேன். கடைசி அஞ்சு மாசமும் அதையேதான் எழுதியிருக்கேன். ஒரே கையெழுத்து, ஒரே வார்த்தை. ஒரு வித்தியாசமும் இல்லை."

"இருக்கு," என்றார் பேராசிரியை. "முன்னாடி, போய்ப் பார்த்துட்டு எழுதினீங்க."