பானைக் கழுத்தில் ஒரு பெயர்

மண்ணுக்கும் கறையானுக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில், ஆற்றங்கரை ஊர் ஒன்றில் சாத்தி என்றொருத்தி இருந்தாள். அந்த ஊரில் ஒரு வீட்டில் விருந்தென்றால் எல்லா வீட்டுப் பானைகளும் அங்கே போகும். திரும்பும்போது சண்டை வரக் கூடாதென்று அவரவர் பெயரைப் பானைக் கழுத்தில் ஆணியால் கீறி வைப்பார்கள். உழுகிறவனும் எழுதுவான், உப்பு விற்கிறவளும் எழுதுவாள். அதில் ஊருக்குக் கொஞ்சம் கர்வம்தான். இருக்கட்டுமே, எத்தனை ஊருக்கு அது வாய்க்கும்?

புதிதாக ஒரு ராஜா வந்தான். வந்தவன் சும்மா இருந்தானா? இந்த நாட்டில் இனித் தன் பெயர் ஒன்றுதான் நிலைக்க வேண்டும் என்று ஓலையில் எழுதிப் பெட்டியில் பூட்டினான். பெயர் கீறிய பானைகளை உடைக்க ஆள் அனுப்பினான்.

சாத்தியின் பானை அவள் கண்ணெதிரே உடைந்தது. பானை போனால் இன்னொன்று வாங்கலாம். இப்படி ஒரு ஊர் இருந்ததே தெரியாமல் போய்விட்டால்? தெருவில் கிடந்த சில்லுகளை மடியில் அள்ளிப்போய்க் குழி தோண்டிப் போட்டாள்.

"தாயி, இதைப் பத்திரமா வச்சிரு."

"எத்தனை காலத்துக்குடி?" என்றது மண்.

"எங்க சனம் தேடி வர்ற வரைக்கும்."

"வச்சிருக்கேன். ஆனா உன் வம்சம் பாத்திரத்துல பேர் கீறுறதை விடக் கூடாது. விட்டா, வர்றது உன் சனம்தான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

பக்கத்தில் ஒரு கறையான் சில்லைக் கடித்துப் பார்த்து முகம் சுளித்தது. "சுட்ட மண்ணு, பல்லு போயிரும். ராஜா பெட்டியில ஓலை இருக்காமே?" என்று நடையைக் கட்டியது.

ராஜாவின் ஆட்கள் தெருமுனை தாண்டும் முன்பே, சாத்தி புதுப் பானை ஒன்றை எடுத்து மகளின் பெயரைக் கீறினாள். எழுத்து கோணவில்லை.

பிறகு குதிரையில் வந்தார்கள், கப்பலில் வந்தார்கள். கொடிகள் மாறின. கடைசியில் சனங்களே ஓட்டுப் போட்டு ஆள்கிற காலமும் வந்தது. மண்பானை பித்தளையாகி, எவர்சில்வரும் ஆனது. அந்த ராஜாவின் பெயரா? கறையானைத்தான் கேட்க வேண்டும்.

அன்று தொடங்கியதுதான், பெண்ணுக்குச் சீர் வாங்கினால் குடத்தில் முதலில் பெயர் வெட்டும் வழக்கம். மண்ணும் வாக்குத் தவறவில்லை. நம் பக்கம் கிணறு தோண்டும்போது கீறல் விழுந்த சில்லு அகப்பட்டால் தூக்கி எறிந்துவிடாதீர்கள். துடைத்துப் பாருங்கள், சாத்தி என்று இருக்கும்.