அடித்தண்ணீர் மேலே வந்த நாள்

இதை எனக்கு முதலில் சொன்னவள் எங்கள் தெருவில் செபமாலை நடத்தும் அந்தோணியாள் அக்கா. என் இளைய மகளைக் கட்டிக்கொடுத்த வருஷம், மாதா திருநாளுக்குக் கொடி ஏறிய அன்று, கோவில் வாசலில் பூ கட்டிக்கொண்டே சொன்னாள். அவள் சொன்னபடியே சொல்கிறேன். விட்டுப்போனது ஏதும் இருந்தால் அது என் மறதி.

“அம்மா, மறக்கிறதுக்கு ஒரு செபம் இருந்தா சொல்லிக் கொடுங்க.”

கேட்டவர் அருளப்பன். தலை முழுக்க நரைத்த மனுஷன். கரிசல் காட்டுக்காரர்.

கேட்கப்பட்டவள் கித்தேரி. அவரைவிட இருபது வயது சின்னவள். மேற்குக் கடலோரத்தில், பாறை மேல் ஒரு சின்ன செபக்கூடம் கட்டித் தனியாக இருந்தாள். கடல்காரர் வீட்டுப் பெண். வயசு பார்க்காமல் எல்லாரும் அவளை அம்மா என்றுதான் கூப்பிட்டார்கள்.

“எதை மறக்கணும் அண்ணாச்சி?”

“அவளை.”

அவள் என்றால் அவர் மனைவி பிரகாசி. போன கிறிஸ்துமஸுக்கு முன்னால் கண்ணை மூடிவிட்டாள். அடக்கம் முடிந்த கையோடு வீட்டைப் பூட்டிவிட்டு இங்கே வந்தவர்தான் அருளப்பன். பெருக்குவார், தண்ணீர் சுமப்பார், கித்தேரி சொல்லித்தரும் செபத்தைச் சொல்வார். ஊர்ப்பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

“இவ்வளவு நாள் கேக்காத செபம், இன்னைக்கு எதுக்கு?”

“சாயங்கால பஸ்ஸுல எம்மக ஜெசிந்தா வாறாளாம். கைப்பிள்ளையத் தூக்கிக்கிட்டு. தந்தி அடிக்காத குறையா ஆள் மேல ஆள் விட்டுச் சொல்லியிருக்கா.”

“நல்லதுதானே!”

“என்ன நல்லது? அவ மூஞ்சி அப்படியே அவங்கம்மா மூஞ்சி. இப்பத்தான் எனக்குக் கொஞ்சம் தெளிஞ்சு வருது. அவளைப் பாத்தா அடியில கெடக்கது பூராவும் மேல வந்துரும். நான் இல்லன்னு சொல்லி அனுப்பிருங்க.”

“எங்க போயிட்டாருன்னு சொல்ல?”

“வேளாங்கண்ணிக்கு.”

“நல்லாயிருக்கே! உங்க பொய்க்கு மாதாவையும் கூட்டுச் சேக்கணுமாக்கும்?”

அருளப்பன் சிரிக்கவில்லை.

“எங்க ஊர் கண்மாயில மாடு எறங்கிக் கலக்கிட்டா, அன்னைக்கு ஒருத்தரும் குடிக்க மாட்டோம்மா. சேறு அடியில போய் உக்காரணும். அதைத் தொடப்பிடாது. மனசும் அப்படித்தானே?”

கித்தேரி எழுந்தாள். மூலையில் இருந்த குடத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

“வாசப்பாறையக் கழுவணும். ஒரு குடம் கடல்தண்ணி கொண்டாங்க.”

போன வேகத்தில் திரும்பி வந்தார். குடத்தில் பாதிதான் இருந்தது. முழங்கால் வரை நனைந்திருந்தார். பல் கிட்டியது.

“அம்மா, கடல் கெட்டுப்போச்சு!”

“என்ன ஆச்சு?”

“நேத்து வெதுவெதுன்னு இருந்துச்சு. கால் பெருவெரல் தெரியும். இன்னைக்குக் காலை வச்சா வெடுக்குங்குது. பச்சையாக் கெடக்கு. ஒரு மாதிரி வீச்சம் வேற. எவனோ அடியைக் கலக்கிட்டான்.”

கித்தேரி குடத்துக்குள் எட்டிப் பார்த்தாள். அவள் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது. அதை அவர் பார்க்காதபடி திரும்பிக்கொண்டாள்.

“அப்படின்னா ஊருக்குச் சொல்லணுமே. மணியடிங்க அண்ணாச்சி.”

அருளப்பன் கயிற்றைப் பிடித்து இழுத்தார். வேளை இல்லாத வேளையில் மணி கேட்டதும் ஊரே பதறி ஓடி வந்தது. ஆண்கள் பாதி தைத்த வலையைப் போட்டுவிட்டு வந்தார்கள். பெண்கள் அடுப்பை அணைக்காமல் வந்தார்கள்.

“யாருக்கு என்ன?”

“யாருக்கும் ஒண்ணுமில்ல,” என்று இரைந்தார் அருளப்பன். “கடலுக்குத்தான். ஒருத்தரும் எறங்காதீங்க. பிள்ளைகளைப் பிடிங்க. தண்ணி கெட்டுப்போச்சு. ஐஸ் மாதிரி இருக்கு!”



அதைக் கேட்டதும் கூட்டம் அவரை விட்டுவிட்டுக் கரைக்கு ஓடியது. பேத்துருஸ் என்ற பெரிய வள்ளக்காரர் முதலில் குனிந்து கையை விட்டார். நிமிர்ந்தார்.

“குளுந்துட்டு!”

“குளுந்துட்டுலே! குளுந்துட்டு!”

பெண்கள் குலவை போட்டார்கள். கிழவர்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அலைக்குள் நின்று சிரித்தார்கள். எல்லாருக்கும் புத்தி பிசகிவிட்டது என்றே அருளப்பன் நினைத்தார்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. கடல் குளிர்ந்த சேதியை வாயால் மட்டும் சொன்னால் போதாது. கையை நனைத்துக்கொண்டு வந்து, எதிர்ப்படுகிறவர் கன்னத்தில் வைக்க வேண்டும். பேத்துருஸின் மனைவி சலேத்தம்மாள் பாறை ஏறி வந்து, நனைந்த இரண்டு உள்ளங்கைகளையும் அருளப்பனின் இரண்டு கன்னங்களிலும் பதித்தாள்.

“நல்ல சேதி சொன்ன மகராசன்! கெட்டுப்போச்சாம்ல! ஓய், கண்மாய்க்காரரே, உம்ம வாய்க்குச் சீனி போடணும். நாளைக்குச் சாளை மீன் வருதோ இல்லையோ பாரும்.”

அவள் போய்விட்டாள். ஆட்கள் வீடுகளுக்குப் போய்ச் சாளை வலையை இறக்கத் தொடங்கினார்கள்.

அருளப்பன் கன்னத்தைத் துடைக்காமல் பாறையில் உட்கார்ந்தார்.

“அம்மா, என்ன நடக்குது இங்க?”

கித்தேரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“கடல் ஒரே தண்ணின்னு நெனச்சீங்களா? மேல ஒரு நீரோட்டம் போகும். எங்க ஆளுக நீவாடுன்னு சொல்லுவாங்க. அடியில இன்னொரு நீவாடு போகும். மேல உள்ளது தெக்க போனா, அடியில உள்ளது வடக்க போகும்.”

“சரி.”

“இந்த மாசத்துக் காத்து கரையோரமா அடிக்கும். மேல்தண்ணி கரையை விட்டு வெளிய நகந்து போயிரும். போன எடம் வெறுமனே கெடக்குமா? அடியில இருந்து தண்ணி ஏறி வரும். அது வெயில் படாத தண்ணி. குளுராம என்ன செய்யும்?”

“பச்சையா இருக்கே?”

“மேல வாழ்ந்து செத்ததெல்லாம் எங்க போகும்? கீழதானே போகும்? செதிலு, முள்ளு, பாசி எல்லாம். அங்க கெடந்து கரையும். அந்தச் சத்தோட தண்ணி மேல வந்து வெயிலைப் பாத்துதுன்னா, கண்ணுக்குத் தெரியாத பாசி பச்சுனு பிடிச்சுக்கிடும். அதைத் திங்கச் சின்னப் பூச்சி வரும். அதுக ரெண்டையும் திங்கச் சாளை வரும். சாளையைத் திங்கச் சூரை வரும்.”

“சூரையைத் திங்க?”

“நீங்க வருவீங்க. போன மாசம் எத்தனை துண்டு தின்னீங்கன்னு எனக்குத் தெரியும்.”

இந்த முறை அவருக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

“எங்கண்ணன் கப்பல்ல வேலை பாத்தவன்,” என்றாள் கித்தேரி. “அவன் ஒண்ணு சொல்லுவான். உலகத்துக் கடைசியில, ஐஸ் மூடின கடல்ல, தண்ணி குளுந்து கனத்து அடிக்கு முங்கிருமாம். தரையோட தரையா நடக்குமாம். நம்ம பாட்டன் பூட்டன் காலத்துக்கும் முன்ன முங்கின தண்ணி, எங்கயோ ஒரு கடல்ல இப்பத்தான் தலையத் தூக்குமாம். சூட்டுத்தண்ணி குளுருற நாட்டுக்குப் போகும். குளுந்த தண்ணி சூட்டு நாட்டுக்கு வரும். அந்த நடை நின்னா, வெயிலு, மழை, காத்து எல்லாத்துக்கும் வழி தப்பிப்போகும்னு சொல்லுவான்.”

அருளப்பன் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அடியில உள்ளது அடியிலயே கெடந்துட்டா?”

“ஒண்ணும் ஆகாது அண்ணாச்சி. தண்ணி தெளிவா இருக்கும். வெதுவெதுன்னு இருக்கும். கால் பெருவெரல் தெரியும்.”

“அப்புறம்?”

“வலையில ஒண்ணும் இருக்காது.”



“நான் கேட்ட செபம்?” என்றார் அவர்.

“எனக்கு அந்தச் செபம் தெரியாது.”

“தெரிஞ்சிருந்தா?”

“தெரிஞ்சிருந்தா என்னைப் பெத்த ஐயாவை எப்பவோ மறந்திருப்பேனே! அப்புறம் யாரு முகத்தை வச்சுக்கிட்டுக் கடவுளை அப்பான்னு கூப்பிடுவேன்?”

பஸ் வந்து நின்ற சத்தம் கேட்டது.

பாறை வழியே ஒருத்தி ஏறி வந்தாள். இடுப்பில் துணியில் சுற்றின குழந்தை. தோளில் ஒரு பை. தூரத்திலேயே பிரகாசியின் நடை தெரிந்தது. அருளப்பன் எழுந்தார். கித்தேரியைத் திரும்பிப் பார்த்தார்.

கித்தேரி விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு செபக்கூடத்துக்குப் பின்னால் போய்விட்டாள்.

ஜெசிந்தா பத்தடி தள்ளியே நின்றாள். கிட்டே வரப் பயந்தாள்.

“அப்பா, திட்டாதீங்க. அம்மாவைப் பத்தி ஒரு வார்த்தை பேச மாட்டேன். பிள்ளையக் காட்டிட்டு அடுத்த பஸ்ஸுல போயிருதேன்.”

அவர் மகள் முகத்தைப் பார்த்தார். பார்வை அவள் காதில் போய் நின்றது.

“காது என்ன மூளியாக் கெடக்கு?”

“சும்மாதான்.”

“உங்கம்மா கம்மல் எங்க?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“பையில இருக்குப்பா. பஸ்ஸுல வரும்போதே கழத்திட்டேன். அதைப் போட்டா அச்சு அசலா அம்மா மாதிரி இருக்கேன்னு எல்லாரும் சொல்றாங்க. உங்களுக்கு ஆகாதேன்னு…”

அருளப்பன் நடந்து போனார். கண்ணில் இருந்து வழிந்தது தாடியில் இறங்கியது. துடைக்கவில்லை. இரண்டு கையையும் நீட்டினார்.

“பிள்ளைய எங்கிட்டக் கொடு. நீ கம்மலை எடுத்து மாட்டு.”

இதைக் கேட்ட நீங்கள், இன்றைக்குப் படுக்கப் போகும் முன்னால், அந்தப் பிரகாசிக்காக ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ செபம் சொல்லிக்கொள்ளுங்கள்.